நீ வேண்டாமென்று சொல்லாத பழம்

மச்சான்,

இன்று காலை உன் நீல டிரம்மைத் திறந்தேன். திருகு மூடி முதலில் அசைந்து கொடுக்கவில்லை. பழந்துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும், உள்ளே அடைந்து கிடந்த காற்று புஸ்ஸென்று வெளியேறியது. பின்னாலேயே அந்த வாடை வந்தது. மீன் குடலும் பழுப்புச் சர்க்கரையும் மாதக்கணக்கில் ஊறிப் புளித்த வாடை. பின் சந்துக்கு அந்தப் பக்கம் சீன ஆண்டி சன்னலைப் படாரென்று சாத்தினாள். சமையலறையிலிருந்து கமலா, "என்னங்க இது, எலி கிலி செத்துப்போச்சா?" என்று கத்தினாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் நின்று நீ, "மூடுடா, காத்து போயிரும்" என்று அதட்டப்போகிறாய் என்று தோன்றியது.

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் ரோஸ்லின் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தெலுக் இந்தானில் மகளோடு போய் இருக்கத் தொடங்கி மூன்று மாதம். போகும்போது இந்த டிரம்மை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இத்தனை நாள் அதைத் தொடாமல் பின்பக்கம் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தேன். தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றப் போவேன். இன்று ஏன் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. திறந்த பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மிளகாய்ச் செடிகளிடம் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். கடைசியில் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் கேட்க ஒன்றும், சொல்ல ஒன்றும் இருக்கிறது.

முதல் தடவை செடி உரத்துக்கென்று அந்த மீன் குடலை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்காரர் ஒருவரிடம் பேசிவைத்து, இரண்டு வாளி நிறைய வாங்கி, காரின் பின்பக்கத்தில் ஏற்றி வந்தாய். வழியில் ஒரு வாளி கவிழ்ந்துவிட்டது. ஒரு மாதம் அந்தக் காரில் யாரும் ஏறவில்லை. ரோஸ்லின் கோயிலுக்கு என் காரில்தான் வந்தாள். தாமான் குடியிருப்பு முழுக்கப் புகார். நீ அசரவில்லை. அடுத்த அறுவடையில் வீட்டுக்கு ஒரு கட்டு பாயம் கீரை என்று கொண்டுபோய்க் கேட்டில் தொங்கவிட்டாய். சீன ஆண்டி வீட்டுக்கு இரண்டு கட்டு. "திட்டுனவங்களுக்கு டபுள் லா" என்றாய்.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரே எஸ்டேட்டில் பிறந்தோம். ஈப்போவில் மூன்று வீடு தள்ளி வாழ்ந்தோம். நான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினேன். நீ தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்தாய். வேலைக்குப் போன காலத்தில் நம் இருவர் வீட்டிலும் ஒரு துளசிகூட ஒழுங்காக வளர்ந்ததில்லை. உன் கிறிஸ்துவ வீட்டில் துளசிக்கு வேலையும் இல்லை என்று நீ சிரிப்பாய். ஓய்வு பெற்ற பிறகுதான் பைத்தியம் பிடித்தது. கெட்டுப்போன வாஷிங் மெஷினின் உள்தொட்டியைக் கழற்றி அதில் கத்தரி வைத்தாய். "பாரு, ஓட்டையெல்லாம் கம்பெனிக்காரனே போட்டுக் குடுத்துட்டான்" என்று அதைத் தட்டிக் காட்டினாய். பெயிண்ட் டின்னில் மிளகாய், பிளாஸ்டிக் குழாயில் பந்தல் கட்டிப் பயற்றங்காய், பெரிய தொட்டியில் எலுமிச்சை, கொய்யா. எனக்குப் பொறாமையாக இருந்தது. உன்னிடம் இல்லாத ஒன்றை வளர்த்துக் காட்ட வேண்டும் என்றுதான் பீடோர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய் அந்த ஒட்டுக்கன்றை வாங்கி வந்தேன்.

நட்சத்திரப் பழம். நம் பேச்சில் பெலிம்பிங். அந்தப் பெயரை எழுதும்போதே கை தயங்குகிறது.

தொட்டி சின்னது என்று முதல் நாளே குறை சொன்னாய். மறுநாள் நீயே ஒரு பெரிய தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தாய். மரம் என் இடுப்புயரம் வருமுன்னே பூத்துவிட்டது. கொத்துக் கொத்தாக ஊதா நிறத்தில் பூ, பிறகு விரல் நுனி அளவில் பிஞ்சு. பழ ஈ குத்திவிடும் என்று ஒவ்வொரு பிஞ்சுக்கும் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் பை செய்து கட்டினோம். நீ தினமும் மாலையில் வந்து பைகளை எண்ணுவாய். முதலில் பதினொன்று. மழையில் உதிர்ந்து உதிர்ந்து மூன்றுதான் மிஞ்சியது. "மூணு போதும்டா. உனக்கு ஒண்ணு, கமலாவுக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு" என்றாய். உன் பெயரை நீ சொல்லவில்லை. அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் ரோஸ்லினும் கோயில் முடிந்து வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். ரோஸ்லின் வீட்டுக்குப் போய்விட்டாள். நீ வெள்ளைச் சட்டையோடு என் கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாய். பழத்தைக் குறுக்காக வெட்டித் தட்டில் அடுக்கினேன். மஞ்சள் நட்சத்திரங்கள். தட்டை உன் முன்னால் நீட்டினேன்.

"நீ மொதல்ல சாப்பிடு லா" என்றாய்.

"மொதல் பழம் உனக்குத்தான். தொட்டி யாரு குடுத்தது?"

"கமலா சாப்பிடட்டும்."

"என்னடா, விஷமா வச்சிருக்கேன்? சாப்பிடு!"

நான் சொன்ன வார்த்தை அதுதான் மச்சான். எத்தனை தடவை மனதில் அழித்தாலும் அழியவில்லை. நீ ஒரு துண்டை எடுத்தாய். மெதுவாக மென்றாய். இரண்டாவது துண்டை நான் உன் கையில் திணித்தேன். தட்டு காலியானது. அத்தோடு விட்டேனா? இரண்டாவது பழத்தையும் பறித்து, கமலாவிடம் கொடுத்து ஜூஸ் அடிக்கச் சொன்னேன். ஒரு முழு கிளாஸ். நீ கிளாஸைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், ஒரே மூச்சில் குடித்துக் கீழே வைத்தாய்.

"நல்லா இனிப்பா இருக்கு மச்சான்."

சாயங்காலம் உனக்கு விக்கல் தொடங்கியது. ரோஸ்லின் தண்ணீர் கொடுத்தாள், சீனி கொடுத்தாள். நிற்கவில்லை. மறுநாள் காலை அவள் எனக்குப் போன் செய்தபோதும் பின்னால் அந்த விக்கல் சத்தம் கேட்டது. "அண்ணே, ஓடி வாங்க. அவரு என்னென்னமோ பேசுறாரு. என்னையே யாருன்னு கேக்குறாரு" என்று அழுதாள். நான் வந்தபோது நீ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, சட்டையைக் கொடு என்று என்னிடம் கேட்டாய். எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டு மணி ஓய்ந்தே எத்தனை வருடம்! வழியில் காரிலேயே உனக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மலாய் டாக்டர் வந்து, நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். ரோஸ்லின் தோசை, கோழிக்கறி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டர் இடைமறித்து, "பெலிம்பிங்?" என்றாள்.

நான்தான் பதில் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. குறிப்பெழுதிக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். பிறகு வந்து விளக்கினாள். உன் சிறுநீரகம் இரண்டும் முன்பே பாதிக்கு மேல் பழுதாகியிருக்கிறது. நல்ல உடம்புக்கு ஒன்றும் செய்யாத அந்தப் பழத்தின் நஞ்சை உன் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அது மூளைக்கு ஏறிவிட்டது. உடனே இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ரோஸ்லின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு இனிப்பு நீர் வியாதி என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாளும் உனக்கு நினைவு வரவில்லை. வீட்டுக்கு வந்து பாராங் கத்தியை எடுத்து அந்த மரத்தை அடியோடு வெட்டினேன். மூன்றாவது பழம் பையோடு கீழே விழுந்தது. காலால் மிதித்தேன். கமலா என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் ஒளித்து வைத்தாள்.

நீ பிழைத்தாய். பதினைந்து நாள் கழித்து, கழுத்தில் குழாய் போட்ட தழும்போடு வீட்டுக்கு வந்தாய். அன்று மாலையே மெல்ல நடந்து என் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தாய்.

"மரம் எங்கடா?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

நான் தொட்டியில் கிடந்த சருகைப் பொறுக்கினேன்.

"காய்க்கத்தானே வச்சோம்? காய்ச்சிச்சு. அது என்னா தப்பு பண்ணுச்சு?" என்றாய். குனிந்து கட்டையைத் தடவிப் பார்த்தாய். "ஒட்டுக்குக் கீழ வெட்டிட்ட. இனி தழைச்சாலும் புளிக்கும்." பிறகு, நான் கேட்காமலே சொன்னாய். "எனக்கே டாக்டர் இப்பதான் சொன்னாங்க மச்சான், கிட்னி இப்படின்னு. யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு உன் சிறுநீரகம் தேறவே இல்லை. செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ். இரண்டு வருடம் நான்தான் உன்னை அழைத்துப்போனேன். ரோஸ்லின் வேண்டாமென்றாலும் விடவில்லை. நான்கு மணிநேரம் நீ மெஷினோடு படுத்திருப்பாய். நான் வெளியே பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டிருப்பேன். பாயம் கீரை உனக்கு ஆகாது என்றார்கள். கொய்யாவுக்கும் அளவு வைத்தார்கள். நீ எதையும் பிடுங்கிப் போடவில்லை. முன்பைவிட அதிகமாகவே நட்டாய். பறித்ததையெல்லாம் அங்கிருந்த நர்சுகளுக்குக் கொண்டுபோனாய்.

எனக்குத் தாங்காதது தண்ணீர்தான். நாளுக்கு ஒரு சின்ன போத்தல் தண்ணீர்தான் உனக்கு. அதற்குமேல் கூடாது. அந்த நாவறட்சியோடு தினமும் மாலையில் ஒரு மணிநேரம் ஹோஸைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாய். ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஹோஸை மேலே தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாய். தண்ணீர் நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தாய். நான் ஓடிவந்து குழாயை அடைத்தேன். நீ திரும்பி, "என்னா நீ, போலீஸா? குடிக்கலடா. சும்மா நனைச்சேன்" என்று சீறினாய். மறுநாள் வழக்கம்போல விடியற்காலை ஹார்ன் அடித்தேன், நீ வந்து ஏறினாய்.

கடைசிச் செவ்வாய்க்கிழமையும் ஹார்ன் அடித்தேன். நீ வரவில்லை. ரோஸ்லின் வெளியே வந்தாள். செருப்புப் போடாமல் வந்தாள். "அண்ணே, இன்னிக்கு வண்டி வேணாம்" என்றாள். தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போடச் சொன்னார்கள். என் முறை வந்தபோது கையில் எடுத்த மண்ணை விரல்கள் தாமாகவே நசுக்கிப் பார்த்தன. களிமண். தண்ணீர் இறங்காது. மணல் கலக்காமல் இதில் ஒன்றும் வராது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆனால், நீயும் அதையேதான் நினைத்திருப்பாய்.

இதுவரை நடந்தது உனக்கும் தெரியும். இனி எழுதுவது உனக்குத் தெரியாதது.

வீட்டைக் காலி செய்த அன்று ரோஸ்லின் டிரம்மோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்தாள். உன் விதை டின்னில், வெண்டை விதைப் பொட்டலங்களுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தாயாம். சிறுநீரகம் பழுதானவர்கள் சாப்பிடக்கூடாதவை என்று கிளினிக்கில் கொடுக்கும் தாள். படம் போட்ட தாள். எல்லாப் படங்களுக்கும் மேலே பெலிம்பிங். அதைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டிருந்தார்கள். மூலையில் உன் பெயரும், நீ கிளினிக்குப் போன தேதியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு வாரம் முந்தைய தேதி.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணே" என்றாள் ரோஸ்லின். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். "எனக்கும் சொல்லல, உங்களுக்கும் சொல்லல. ரெண்டு வருஷமா என் முகத்த நேரா பாக்காம வண்டி ஓட்டுனீங்களே, அதையும் பாத்துக்கிட்டுதானே வந்தாரு மனுஷன்?"

எனக்கும் கோபம் வந்தது மச்சான். செத்துப்போனவனிடம் இப்படியும் கோபம் வருமா என்று பயமாக இருந்தது. தெரிந்தே ஏன் சாப்பிட்டாய்? ஒரு துண்டுதானே என்று நினைத்தாயா? நான்கு துண்டு ஆனபோது? ஜூஸைக் கையில் கொடுத்தபோது? ஒரு வார்த்தை, 'எனக்கு ஆகாதுடா' என்று ஒரு வார்த்தை போதாதா? சரி, அன்று சொல்லவில்லை. பிறகாவது சொல்லியிருக்கலாமே. உன்னைக் கொன்றது நான்தான் என்று உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வண்டி ஓட்டினேனே, இரண்டு வருடம். 'எனக்கே இப்பதான் தெரியும்' என்று பொய் வேறு சொன்னாய்.

பல நாள் இப்படியே உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றும்போது, வண்டி ஓட்டும்போது, சாப்பிடும்போது. ஒரு நாள் டயாலிசிஸ் போகும் பாதையில், நாம் எப்போதும் நிற்கும் சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே விளக்கில் ஒரு தடவை நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், அந்தப் பழம்..." என்று தொடங்கினாய். நான், "அதப் பேசாத லா!" என்று கத்திவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பச்சை விழுந்தது. அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நீ சொல்லத்தான் வந்தாய். நான் கேட்கவில்லை. இந்தத் தடவை பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

சரி, பிறகும் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் முதல் கேள்வி அப்படியே நின்றது. தெரிந்தே ஏன் சாப்பிட்டாய்? அதற்குப் பதில் எங்கே கிடைத்தது தெரியுமா? என் காலில்.

நீ போவதற்கு முன்பிருந்தே எனக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். அது எதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்த பெஞ்சுக்கு முன்னால் நடந்தவனுக்குத் தெரியாதா? யாரிடமும் சொல்லவில்லை. நீள ஜீன்ஸ் போட்டு மறைத்தேன். கமலா ஊறுகாயை நீட்டினால் வாங்கிக்கொண்டேன். கருவாடு பொரித்தால் தின்றேன். ஒரு மதியம் அவள், "இன்னும் ரெண்டு போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டபோது, வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் அந்த நொடியிலிருந்து அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். கரண்டியைத் தூக்கும்போதெல்லாம் கை தயங்கும். நான் நோயாளியாகிவிடுவேன். அதனால், "போடு" என்றேன்.

போட்ட கருவாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன் மச்சான். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த கிளாஸை வாங்கியது இப்படித்தானே? மூன்று பழம் பழுத்ததற்கு நான் எப்படிப் பூரித்து நின்றிருப்பேன். என் சந்தோஷத்துக்கு நடுவில் உன் நோயைக் கொண்டுவந்து வைக்க உனக்கு மனம் வரவில்லை. நீ சாக நினைக்கவில்லை. இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆளாகவே உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டாய், அவ்வளவுதான். இது சரியா என்று உன்னைக் கேட்க முடியாது. எனக்கு இப்படித்தான் விளங்குகிறது.

தட்டைத் தள்ளி வைத்தேன். "கமலா, இங்க வந்து உக்காரு" என்றேன். ஜீன்ஸை மடித்துக் காலைக் காட்டினேன். அவள் விரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே கையால் தடவினாள். "அந்த அண்ணன் வீட்டுல நடந்தத பாத்துமா நீங்க இப்படி?" என்றாள். மறுநாள் விடியற்காலையிலேயே கிளினிக்கில் முதல் ஆளாக நின்றோம். சிறுநீரகம் பலவீனப்பட்டிருக்கிறது, உன் அளவுக்கு இல்லை. உப்பையும் வாழைப்பழத்தையும் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வெகுநாள் ஓட்டலாம் என்றார்கள். எவ்வளவு நாள் என்று அவர்களுக்கும் தெரியாது. எனக்கும் நிம்மதி என்று ஒன்று வந்துவிடவில்லை. இப்போதும் காலையில் எழுந்ததும் காலைத்தான் அழுத்திப் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று செய்கிறேன். போன வாரம் சீன ஆண்டி கேட்டில் நின்று, தன் வீட்டு மரத்து வாழைப்பழம் ஒரு சீப்பு நீட்டினாள். கல்யாண வீட்டில் யாரோ இலையில் அப்பளத்தை அள்ளி வைக்க வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சும்மா வாங்கிக்கொண்டால் என்ன என்று மனம் இழுக்கிறது. அப்படியும் சொல்லிவிடுகிறேன். "எனக்குக் கிட்னி கொஞ்சம் சரியில்ல லா. வேணாம்."

நீ விழுங்கிவிட்டுப் போன அந்த வரியை, மச்சான், இந்த ஊர் முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.